கோதண்டத்தின் மோட்டாரை அணைத்தவன் எழுதுவது

மகனே,

இங்கே நான் நலமாக இல்லை. நீ நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் எனக்கு மகிழ்ச்சியும் இல்லை. தினமும் சூரியனுக்கு முன்னால் எழுந்து, அதையும் தட்டி எழுப்பிவிட்டு டீ குடிக்கப் போகிறவனும், முழங்கால் வலித்த காலத்திலும் மூன்று உலகத்தையும் நடுங்க வைத்தவனும், உன்னைப் பெறாவிட்டாலும் கெடுத்து வளர்த்தவனுமாகிய உன் சித்தப்பன், காவாந்தண்டலத்திலிருந்து கொதிக்கிற வயிற்றோடு எழுதுகிறேன். வைகாசியில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுவது பெற்றவர்கள் வேலை. உன்னைப் பெற்ற என் அண்ணன் நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த உத்தியோகம் என் தலையில் விழுந்திருக்கிறது. ஆனால் இது நல்ல வார்த்தைக் கடிதம் இல்லை, குற்றப்பத்திரிகை. இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போடப்போகிறேன். நீ எனக்குச் செய்த துரோகம் நாலு பேருக்குத் தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

துரோகம் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்காளி கோதண்டத்தின் மோட்டாரை நான் என் போனிலிருந்து அணைத்துக்கொண்டிருந்தேன். அதை அணைக்க முடியாதபடி நீ பூட்டிவிட்டாய். பெற்ற பிள்ளைக்கும் மேலாக நான் வளர்த்த பிள்ளை, சித்தப்பனின் கையிலிருந்து அவனுடைய ஒரே ஆயுதத்தைப் பிடுங்கி எதிரியின் காலடியில் வைத்துவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டான். உலகத்தில் இதுவரை நடந்த துரோகங்களை எல்லாம் ஒரு தராசுத் தட்டிலும் உன்னுடையதை இன்னொரு தட்டிலும் வைத்தால், உன் தட்டு பூமியைப் பிளந்துகொண்டு பாதாளத்துக்குப் போய்விடும்.

குரூப்பில் ஐயங்கார்குளத்துச் சம்பந்தி வீட்டாரும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஆதியிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஏரித் தண்ணீர் மாசியோடு தீர்ந்துவிடும். அதற்கப்புறம் நவரை நெல்லுக்குக் கிணறுதான் கதி. எங்களுடையது பங்குக் கிணறு. பாட்டன் வெட்டிய ஒரே கிணற்றில் இன்று இரண்டு பங்காளிகள் இறைக்கிறோம்: நான் ஒருவன், கோதண்டம் ஒருவன். கிணறு ஒன்று, மோட்டார் இரண்டு. ஒரு நாள் என் முறை, மறுநாள் அவன் முறை. இந்த முறை பிசகினால் எங்கள் ஊரில் உலகப் போர் வரும். பேப்பரில் வருகிற உலகப் போர்கள் எல்லாம் எங்கள் கிணற்றங்கரைச் சண்டைகளைப் பார்த்துக் காப்பியடித்தவை.

நீ வேலைக்குச் சேர்ந்த வருடம் ஊருக்கு வரும்போது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர். வீட்டிலிருந்தபடியே போன் போட்டால் மோட்டார் ஓடும். மறுபடி போட்டால் நிற்கும். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, "மோட்டார் ஆன் செய்யப்பட்டது" என்று சொல்லும். முதல் வாரம் நான் அந்த அம்மாவுக்கு "சரிங்க, ரொம்ப நன்றிங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருடன் இத்தனை மரியாதையாகப் பேசுகிறேன் என்று உன் சித்தி சந்தேகப்பட்டு எனக்கு நாஷ்டாவை நிறுத்தினாள். டெக்னாலஜி குடும்பத்தில் முதலில் செய்கிற வேலை இதுதான் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

ஆனால் நீ வாங்கி வந்தது ஒரு பெட்டி இல்லை, இரண்டு. இன்னொன்று கோதண்டத்துக்கு; மூத்த வழிப் பங்காளி என்பதால் அவன் உனக்குப் பெரியப்பன் முறை. "பெரிப்பாவும் பாவம் சித்தப்பா. கரண்ட்டு எப்ப வரும்னு மோட்டார் கொட்டாயிலயே காத்துக்கினு கீறாரு" என்றாய். இரண்டு மோட்டாரின் நம்பரையும் எங்கள் இரண்டு பேர் போனிலும் போட்டுக் கொடுத்தாய். "ஒருத்தர் வெளியூர் போனா இன்னொருத்தர் போட்டு வுடலாம் இல்ல?" யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடுகிற நாணயமில்லாத பெட்டி அது. எலிக்கும் பூனைக்கும் ஒரே சாவியைக் கொடுத்துவிட்டு அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்த முதல் இஞ்சினியர் நீதான். உன் துரோகத்துக்கு நீ அன்றைக்கே விதை போட்டுவிட்டாய். நான்தான் கவனிக்கவில்லை.

இப்போது கோதண்டம் எனக்குச் செய்த கொடுமைக்கு வருகிறேன். தை மாதம், நடவு முடிந்த சமயம். யூரியா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தேன். நான் நடந்தால் வரப்புக்கே பெருமை. அந்தப் பெருமை தாங்காமல் அது வழுக்கிவிட்டது. சேற்றில் விழுந்தேன். என்மேல் மூட்டை விழுந்தது. எதிர் வரப்பில் நின்ற கோதண்டம் ஓடிவந்து தூக்கியிருக்க வேண்டும். அவன் தூக்கியது போனை. வீடியோ எடுத்து, அதற்கு ஒரு பீப்பி இசையைச் சேர்த்து, விழுகிற இடத்தை மட்டும் வெட்டி, முன்னால் ஓட்டிப் பின்னால் ஓட்டி, தன் ஸ்டேட்டஸில் போட்டான். நான் விழுந்தது ஒரே ஒரு தடவை, மகனே. அந்த வீடியோவில் நான் விழுகிறேன், எழுகிறேன், மூட்டை பறந்து தலைக்குப் போகிறது, மறுபடியும் விழுகிறேன். பிரளயம் வந்து உலகம் முடிந்த பிறகும் எங்கேயாவது ஒரு போனில் சார்ஜ் மிச்சம் இருந்தால் அதற்குள் நான் விழுந்துகொண்டிருப்பேன்.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டில் யார் யார் சபையில் உட்காரத் தகுதி இல்லாதவர்கள் என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்களே, அதில் அடுத்தவன் விழுவதைக் கேட்காமல் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறவனைச் சேர்க்காமல் விட்டது பெரிய குறை. நான் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் உளியை வாங்கி நானே வெட்டியிருப்பேன். நீயும் கேட்டுக்கொள். கல்யாணமான பிறகு உன் பெண்டாட்டி வாயைத் திறந்து தூங்கினால் படம் எடுக்காதே. சிரிப்பாகத்தான் இருக்கும். அவள் எழுந்துவிடுவாள், அந்தப் படம் எழுந்திருக்காது. அவள் போனை எடுத்து நோண்டாதே. சாப்பிடும்போது உன் போனைக் குப்புறப் போட்டு வை; மல்லாந்து கிடக்கிற போன் கைக்குழந்தை மாதிரி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழும். அவள் அம்மா குரூப்பில் அனுப்புகிற காலை வணக்கத்துக்கெல்லாம் தவறாமல் ஒரு கும்பிடு போடு. இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லாதே. நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

அந்த வீடியோ ஐயங்கார்குளம் வரைக்கும் போயிருக்கிறது என்று உன் நிச்சயதார்த்தத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது. பட்டு வேட்டி கட்டி, அண்ணன் இருந்திருந்தால் எப்படி நடப்பானோ அப்படி நெஞ்சை நிமிர்த்தி, வரிசைத் தட்டை ஏந்திக்கொண்டு பெண் வீட்டு வாசற்படியில் கால் வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல், "பாத்து வாங்க மாமா, வழுக்கப் போவுது." கூடமே குலுங்கியது. சம்பந்தி துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் ஆடியதை நான் பார்த்தேன். உன் அப்பாவின் இடத்தில் போய் நின்ற ஒரே நாளில், மகனே, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தத் தட்டில் இருந்த தேங்காயைக் கோதண்டத்தின் தலை என்று நினைத்து இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பழி வாங்குவது என்று முடிவு செய்தது அந்தப் படியில்தான்.

ஆயுதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. பங்குனியில், கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற சமயம், கோதண்டத்தின் முறை நாளில் டீக்கடை பெஞ்சில் அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு அவன் மோட்டாருக்குப் போன் போட்டேன். நின்றுவிட்டது. பக்கத்து வயல்காரன் கூப்பிட்டுச் சொல்ல, கோதண்டம் போனில் போட்டுப் பார்க்கவும் தோன்றாமல் பாதி வடையை வைத்துவிட்டு மொபெட்டை உதைத்து, புழுதி கிளப்பிக்கொண்டு வயலுக்குப் பறந்தான். அவன் புளியமரத் திருப்பத்தைத் தாண்டுவான் என்று கணக்குப் பண்ணி மறுபடி போன் போட்டேன். மோட்டார் ஓடியது. அவன் போய்ப் பார்த்தால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்து மிச்ச வடையில் கை வைத்தான். அணைத்தேன். அவன் முகம் போன போக்கு இருக்கிறதே! தேவர்கள் மேலிருந்து பூப்போட்டிருப்பார்கள். அன்றைக்கு அவர்களுக்கு டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மகனே, அன்றைக்குத்தான் எனக்கு உன் வீடியோ கேம் புரிந்தது. நீ படிக்கிற காலத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, அழைத்தாலும் காது கேட்காமல், சோறு ஆறிப் போவதும் தெரியாமல் கிடந்தாயே, உன்னைத் திட்டாத திட்டில்லை. பிறகு சென்னையில் ஒரு கம்பெனி, கேமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நாள் முழுவதும் ஆடிப் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறது என்றபோது உலகம் அழியப்போகிறது என்று உன் சித்தியிடம் சொல்லி, அரிசியைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து விரலால் ஒருவனை ஓட வைக்கிற சுகம் தெரிந்த பிறகு உன்னை மன்னித்தேன். அவனுடைய முறை வருகிற நாளுக்காக நான் காத்திருந்தேன். என் முறை நாளில் எனக்குக் கை நமநமத்தது. உன் சித்தி சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, அவன் இன்னும் புளியமரத்துக்கே வரல" என்றேன். இதே பதிலை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்கு வந்தாய். நான் வேப்பமரத்தடியில் கட்டிலில் கிடந்து ஆட்டத்தில் இருந்தேன்.

"இன்னா சித்தப்பா, தனியா சிரிச்சிக்கினு கீற?"

வெற்றியைப் பங்குபோட ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று பார்த்தேன். நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாய்.

"கதிரு பால் புடிக்கிற நேரத்துலயா இத்த பண்ற?"

"முழுசா எங்கடா நிறுத்தறேன்? நிறுத்தி நிறுத்திப் போடறேன்."

"கடைசி மடைக்குத் தண்ணி ஏற வாணாவா? நீ நிறுத்தினா வாய்க்கால்ல வந்த தண்ணி அப்டியே மண்ணு குடிச்சிரும். மறுபடி முதல்லேர்ந்து வரணும்."

"நீ கேமுல எத்தினி பேரச் சுட்டிருப்பே? லட்சம் பேரு இருப்பானா? அவங்களுக்குப் பெண்டாட்டி புள்ள இல்லியா? நான் ஒரு மோட்டார அணைச்சா ஒனக்கு நியாயம் பொத்துக்கினு வருதா?"

"அவுங்கல்லாம் ஆட வந்தவுங்க சித்தப்பா. நானும் அவுங்கள சுடுவேன், அவுங்களும் என்னச் சுடுவாங்க. ஆட்டம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். பெரிப்பாவுக்கு ஆட்டம் நடக்குதுன்னே தெரியாதே. தெரியாதவரோட ஆடினா அது ஆட்டமா?"

இந்தக் கேள்விக்கு அன்றிலிருந்து இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் தனிக் கடிதமாக எழுதி உன் முகத்தில் எறிவேன். அன்றைக்குக் கிடைக்காததால் "போடா, கேமு ஆடறவன் எனக்கு நியாயம் சொல்ல வந்துட்டான்" என்று மட்டும் சொல்லித் திரும்பிப் படுத்தேன். நீ எழுந்து போனாய். போனவன் நேராகக் கோதண்டத்தின் மோட்டார் கொட்டகைக்குப் போய், அவன் போனுக்கு மட்டும் அந்தப் பெட்டி கட்டுப்படும்படி பூட்டிவிட்டு, அவனிடமும் ஒன்றும் சொல்லாமல், சாயங்காலப் பஸ்ஸில் ஏறிவிட்டாய். அவனுடைய அடுத்த முறை நாளில் டீக்கடையில் சுகமாக உட்கார்ந்து போன் போடுகிறேன், அந்த அம்மா சொல்கிறாள்: "உங்கள் எண்ணுக்கு அனுமதி இல்லை." முதல் வாரம் எத்தனை மரியாதையாகப் பேசியிருப்பேன் அவளோடு!

அதே நேரம் எதிர் பெஞ்சில் கோதண்டம் எல்லாரிடமும் புலம்பிக்கொண்டிருந்தான். "மோட்டாரு தானா நிக்குது, தானா ஓடுது. உள்ள சுத்தின கம்பி, காயில், வீக்காயிடுச்சின்னு மெக்கானிக்கு சொல்றான். நாளைக்கு மோட்டார கெணத்துலேர்ந்து தூக்கறோம். ரெண்டு மொற தண்ணி போயிரும். கதிரெல்லாம் பதராயிடும் போல கீது." என் உடம்பு முழுவதும் பற்றி எரிந்தது. எத்தனை நுணுக்கமாக, புளியமரத்தையும் வடையையும் கணக்குப் பண்ணிச் செய்த வேலை! அதைக் காயிலின் பலவீனம் என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டுப் போவதா? பழி வாங்கப்படுகிறவனுக்குத் தெரியாத பழியும் ஒரு பழியா? நீ கேட்ட கேள்வி வேறு காதில் குடைந்தது. எழுந்து நின்றேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். அரசவையில் நிற்கிற மாதிரி நின்று சொன்னேன்: "கோதண்டம்! உன் மோட்டார நிறுத்தினவன் நான்தான். ஓட வுட்டவனும் நான்தான். என்ன வீடியோ எடுத்துப் போட்டதுக்குப் பழி வாங்கறேன். தெரிஞ்சிக்கோ!"

கடையில் இருந்த எல்லாரும் போனைத் தூக்கிவிட்டார்கள். கோதண்டம் என் முகத்தையே பார்த்தான்.

"அப்போ மோட்டாரு நல்லாத்தான் கீதா?"

"நல்லாத்தான் கீது."

"காயில் போவலியா?"

"போவல."

"தூக்க வாணாவா?"

"வாணாம்."

"அப்பாடா!" என்று அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தான் பார், மகனே, அந்தச் சிரிப்பை என் பகையாளிக்குக்கூட நான் கொடுக்க மாட்டேன், பகையாளிக்கே கொடுத்துவிட்டேன். பத்து நாளாகத் தூக்கம் இல்லாதவனுக்கு இந்த வருடத்தின் நல்ல சேதியை என் வாயால் நானே சொல்லியிருக்கிறேன். என் தோளைப் பிடித்து உலுக்கி, "எல்லாருக்கும் டீ போடுப்பா" என்றான். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. பாதி குடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கிளாஸை வைத்தான். செருப்பைக் கழற்றினான். அதன்பிறகு நடந்தது எங்கள் இருவருக்கும் உள்ள சொந்த விஷயம். டீக்கடையைச் சுற்றி மூன்று சுற்று ஓடினோம்; என் முழங்கால் வலி அன்றோடு போய்விட்டது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அன்று மத்தியானத்துக்குள் என் வீர வசனம் ஐயங்கார்குளத்துக்குப் போய்விட்டது. என் மண்டைக்கு அப்போதுதான் ஏறியது: சம்பந்தி விவசாயி. பால் பிடிக்கிற கதிருக்குத் தண்ணீரை நிறுத்துவது அவருக்குச் சிரிப்பு இல்லை. உன் அம்மாவுக்குப் போன் செய்து, "தண்ணிய நிறுத்தற வூட்ல பொண்ணக் குடுக்கறதான்னு யோசனையா கீதுங்க. ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றிருக்கிறார். அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் சித்திதான் அண்ணிக்கும் சேர்த்துச் சொன்னாள். உனக்குப் போன் போட்டேன். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்; விஷயம் முடிந்திருக்கும். "நான் ஒன்ன ஒண்ணும் சொல்லல சித்தப்பா. பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டாய். அந்தப் பொண்ணை உனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அந்தக் குரலில்தான் தெரிந்தது. இப்படிப் பேசுவதற்கு எங்கே கற்றுக்கொண்டாய்? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. செருப்படியைவிட வலித்தது. இதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். ஓரிக்கை வரும்வரைக்கும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். காலில் விழுவதா, மார்தட்டுவதா என்று முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டையும் கலந்து ஏதாவது செய்வது என்று தீர்மானித்து ஐயங்கார்குளத்தில் இறங்கினேன். சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு மொபெட் நின்றது. அந்தக் கிழிந்த சீட்டை எனக்குத் தெரியும். கோதண்டம்! எனக்கு முன்னால் வந்து, என்மேல் புகார் சொல்லி, உன் கல்யாணத்துக்குக் கொள்ளி வைக்கிறான் என்று பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போனேன். உள்ளே அவன் குரல்.

"அவன் போக்கிரிதாங்க. சின்ன வயசுலேர்ந்தே பேஜாரு புடிச்சவன். என் கழனி மூலையில ரெண்டு பாத்தி பழுத்துப்போச்சி, அதுவும் நெசந்தான். ஆனா அந்த விழற வீடியோவ எடுத்துப் போட்டது நானுங்க. அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சிது."

"அதுக்குன்னு பயிருக்குத் தண்ணிய நிறுத்துவாரா?" இது சம்பந்தி.

"நிறுத்தினான். அத நிறுத்தினது யாரு தெரியுமா? ஒங்க மாப்பிள்ள. நேத்து ஓடச்சொல்ல அவன் கத்தினதுலதான் எனக்கே தெரிஞ்சிது, ஒங்க மாப்பிள்ள எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கொட்டாய்க்கு வந்தான், பூட்டினான், போயிட்டான். வளத்த சித்தப்பனாச்சேன்னு பாக்கல. பங்காளி எவனோ காயட்டும்னு வுடல. சித்தப்பன் மானத்தையும் வாங்காம, என் பயிரையும் காய வுடாம பண்ணான் பாருங்க. அந்தப் பையனுக்குக் குடுக்காம பொண்ண யாருக்குங்க குடுப்பீங்க?"

பிறகு சம்பந்தி உள்ளே பார்த்து, "இவருக்கு மோர் கொண்டாம்மா" என்றார். மோரைக் கொண்டுவந்தது நம் மருமகள். "மாமா, அவரு இதப்பத்தி எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள். அந்தக் குரலில் இருந்தது வருத்தம் இல்லை. நேற்று உனக்கு வந்த "முகூர்த்தத்துல மாத்தம் இல்லீங்க" என்கிற போனுக்குக் காரணம் சித்தப்பன் போய்ப் பேசியதுதான் என்று நீயும் அண்ணியும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணி நேற்று எனக்குப் பாயசம்கூட அனுப்பினாள். குடித்துவிட்டேன். நான் ஜன்னலுக்கு வெளியே செருப்போடு நின்றேன், அவ்வளவுதான்.

கோதண்டத்தின் கண்ணில் படாமல் ஓடிவிடலாம் என்று குளத்தங்கரைப் பக்கம் நடந்தேன். பின்னாலேயே மொபெட் சத்தம். "ஏறுடா" என்றான். ஏறாமல் நடந்தேன். அவன் காலால் தள்ளிக்கொண்டே பக்கத்தில் வந்தான். "பஸ்ஸு மத்தியானந்தான். ஏறு நைனா, வெயிலு ஏறுது." உலகத்தை ஆளப் பிறந்த நான், கோதண்டத்தின் முதுகுக்குப் பின்னால், கிழிந்த சீட்டில், ஐயங்கார்குளத்திலிருந்து காவாந்தண்டலம் வரைக்கும் வந்தேன். வழியில் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "ஒன் மோட்டாரு நம்பரு எங்கிட்டயுந்தான் இருந்திச்சி. நிறுத்தணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு." புத்தி இருக்கிறவனுக்குத்தான் தோன்றும் என்று சொல்ல வாயெடுத்தேன். காற்று முகத்தில் அடித்ததால் சொல்லவில்லை. வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, "இத ஒண்ணும் மனசுல வெச்சிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனான். மகனே, மனிதன் மனிதனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தைகளில் இதைவிடக் கொடூரமான ஒன்றை நான் கேட்டதில்லை. மனதில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? வீடியோ போட்டபோது ஒரு பங்கு இருந்த பகை, என் பிள்ளையின் கல்யாணத்தை அவன் காப்பாற்றிக் கொடுத்ததும் ஆயிரம் பங்காகிவிட்டது.

ஆகவே நானும் பழி வாங்கிவிட்டேன். இன்று காலை உன் சித்தியைக் கூட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கல்யாணப் பத்திரிகை வைத்து, தெரு பார்க்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் என்னைவிட ஆறு மாதம் மூத்தவன். பிறந்ததிலிருந்து அவனை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால். இன்றைக்கு, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லார் எதிரிலும், தட்டை நீட்டி, "அண்ணே, பையனுக்கு நீதான் வந்து பந்தக்கால் நடணும்" என்றேன். ஆளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னாடா இது, நீ இருக்கச்சொல்ல நானா?" என்றான். தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நான் அவனை அடித்து விழ வைத்திருந்தால்கூட இத்தனை திருப்தி கிடைத்திருக்காது. எழுந்திருக்கவே முடியாதபடி அடித்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். அண்ணன் இல்லாத வீட்டில் பந்தக்கால் நடுகிற உரிமை என்னுடையது. அவனை அழைத்தேன் என்பதற்காக நான் ஒதுங்கி நின்று அட்சதை போடுவேன் என்று கனவு காணாதே. குழியை நான்தான் தோண்டுவேன். அதில் பால் ஊற்றி, நவதானியம் போட்டு, மாவிலை கட்டிய கம்பை அவன் பிடிக்கட்டும். அவன் கை எங்கே இருக்கிறதோ அதற்கு ஒரு சாண் மேலே என் கை இருக்கும். அவன் கையை மேலே ஏற்றினால் நானும் ஏற்றுவேன். நீ நடுவில் புகுந்து சமாதானம் பண்ணக் கூடாது. நீ பண்ணியதெல்லாம் போதும். மஞ்சள் பூசுகிற பெண்கள் எத்தனை நேரம் காத்திருந்தாலும் சரி. அவனும் விட மாட்டான், நானும் விட மாட்டேன். வைகாசிக் காற்று எப்படி அடித்தாலும் உன் பந்தல் சாயாது.

கோபம் கொஞ்சமும் குறையாமல்,
உன் சித்தப்பன்